முதலில் இடம், பிறகுதான் ஸ்கிப்

லண்டனில் வீட்டை இடித்துத் திருத்துவது என்று முடிவானதும் நம்மவர்கள் பில்டரிடம் கேட்கும் முதற்கேள்வி அநேகமாக இதுதான்: "அண்ணை, ஸ்கிப் ஒண்டு எடுக்கிறதெண்டால் எவ்வளவு வரும்?" அடுத்தது அந்தக் கழிவுப் பெட்டி 6 (கன) யார்ட் போதுமா, 8 யார்ட் வேணுமா என்பது. பிறகு இரண்டு மூன்று கம்பனிக்கு போன் போட்டு விலை கேட்பார்கள். எல்லாம் பேசி முடித்து, லொறி எப்போது வரும் என்று கேட்கிற நேரத்தில்தான் மறுமுனையில் இருந்து ஒரு கேள்வி வரும்: "ரோட்டிலயா, வளவுக்குள்ளயா? ரோட்டெண்டால் பெர்மிட் எடுக்க வேணும்." அதோடு வேலை நாலைந்து நாள் தள்ளிப்போகும், விலையும் ஏறும், கவுன்சிலுக்குத் திட்டு விழும். என்னைக் கேட்டால் பிழை கவுன்சிலில் இல்லை, கேள்விகளின் வரிசையில் இருக்கிறது. இடத்தை முதலில் தீர்மானிக்க வேண்டும். என்ன அளவு, என்ன விலை, எந்தக் கம்பனி, பெர்மிட் தேவையா என்ற நாலுக்கும் பதில் அந்த இடத்தில் இருந்துதான் வரும்.

சட்டமும் இந்த வரிசையில்தான் யோசிக்கிறது. இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்கும் இதில் அடிப்படை 1980ஆம் ஆண்டு நெடுஞ்சாலைகள் சட்டத்தின் 139ஆம் பிரிவு. (ஸ்கொட்லாந்துக்கு வேறு சட்டம்.) நெடுஞ்சாலை என்றதும் மோட்டர்வேயை நினைக்க வேண்டாம், உங்கள் வீட்டு முன்தெரு, அதன் நடைபாதை, ஓரத்துப் புல்தரை எல்லாம் இதற்குள் அடக்கம். வீதி அதிகாரசபையின் அனுமதி இல்லாமல் அங்கே ஸ்கிப் வைக்கக்கூடாது என்று அந்தப் பிரிவு தொடங்குகிறது. பிறகு அனுமதியோடு என்னென்ன நிபந்தனை போடலாம் என்று சொல்கிறது. முதலில் வருவது ஸ்கிப் நிற்கும் இடம், அடுத்தது அதன் நீள அகலம். வருகிற வாகனத்துக்குத் தெரியும்படி அடையாளம், உள்ளே போடுவதை என்ன செய்வது, விளக்கு, தடுப்பு, காலம் முடிந்ததும் எடுத்துச்செல்வது எல்லாம் அதற்குப் பின்னால்தான். நாம் குப்பைக்கு அனுமதி எடுப்பதாக நினைத்துக்கொண்டிருக்கிறோம். சட்டத்தின் கண்ணில் நாம் கேட்பது பொதுவீதியில் சில நாளைக்கு ஒரு துண்டு நிலம்.

"என் வீட்டு வாசல், நான் கவுன்சில் டாக்ஸ் கட்டுகிறேன், இதற்கும் காசா?" என்பதுதான் அடிக்கடி கேட்கும் முறைப்பாடு. இதில் ஒரு சுவையான விஷயம் இருக்கிறது. ஆங்கிலேயச் சட்ட மரபில், வேறுவிதமாக நிரூபிக்கப்படும் வரை, வீதியோரக் காணிக்காரருக்கு வீதியின் நடுக்கோடு வரைக்கும் அடிநிலம் சொந்தம் என்றே கொள்ளப்படும். ஆகவே உங்கள் வாசலுக்கு நேரே தாருக்குக் கீழே இருக்கும் மண் உங்களுடையதாகவே இருக்கலாம்! ஆனால் பொதுச்செலவில் பராமரிக்கப்படும் வீதியின் மேற்பரப்பு அதே 1980 சட்டத்தின் 263ஆம் பிரிவின்படி வீதி அதிகாரசபையைச் சேர்ந்தது. ஸ்கிப் நிற்பது மேற்பரப்பில். கவுன்சில் டாக்ஸ் கட்டுவதால் அந்த இடம் உங்களுக்கு ஒதுக்கப்பட்டுவிடுவதில்லை. எதிர்வீட்டுக்காரரும் அதே டாக்ஸைத்தான் கட்டுகிறார்.

அனுமதி கிடைத்துவிட்டால் எல்லாம் சரி என்று நினைப்பதும் ஆபத்து. 139ஆம் பிரிவின் கடைசிப் பகுதியில் இரண்டு வரி இருக்கிறது, பலர் அதுவரை வாசிப்பதே இல்லை. இந்த அனுமதி வீதியில் இடையூறையோ ஆபத்தையோ உண்டாக்கத் தரப்பட்ட உரிமை ஆகாது. ஸ்கிப்பால் யாருக்காவது காயமோ நட்டமோ வந்தால், அனுமதி கொடுத்த குற்றத்துக்காக அதிகாரசபை பொறுப்பேற்காது. 140ஆம் பிரிவு இன்னும் ஒரு படி மேலே போகிறது. முறையான அனுமதியோடு நிற்கும் ஸ்கிப்பையும் நகர்த்து, அல்லது எடு என்று அதிகாரசபை சொல்லலாம். சீருடையில் வரும் பொலிஸ்காரர் ஒருவரும் சொல்லலாம். கேட்காமல் விட்டால் அதுவே குற்றம். அவர்களே எடுத்தால் செலவைச் சொந்தக்காரரிடம் அறவிடலாம். ஆகவே பெர்மிட் கைக்கு வந்த பிறகும் "இந்த இடம் சரிதானா" என்ற கேள்வி அப்படியேதான் நிற்கிறது. வளைவுக்குப் பக்கத்தில், மழைநீர் ஓடும் காணை அடைத்துக்கொண்டு, தீயணைப்புக் குழாயின் மூடிமேல் நிற்கும் ஸ்கிப்பை எந்தத் துண்டுக் காகிதமும் காப்பாற்றாது.

அடுத்த ஆட்சேபம் கொஞ்சம் கனமானது. "பெர்மிட் எடுப்பது கம்பனியின் வேலை, பொறுப்பும் அவர்களுடையது, நான் ஏன் மண்டையை உடைக்க வேண்டும்?" பாதி உண்மை. பெரும்பாலான கவுன்சில்கள் வீட்டுக்காரரிடம் விண்ணப்பம் வாங்குவதில்லை. பொதுக்காப்புறுதி உள்ள கம்பனிதான் கேட்க வேண்டும். விளக்குப் போடுவது, பெயரும் முகவரியோ தொலைபேசி எண்ணோ அழியாதபடி எழுதியிருப்பது, நிறைந்ததும் தாமதிக்காமல் எடுப்பது, நிபந்தனைகளைக் காப்பது என்று சட்டம் சுமத்தும் கடமைகளும் ஸ்கிப்பின் சொந்தக்காரர் மேல்தான். தவறினால் ஆயிரம் பவுண் வரை அபராதம். ஆனால் சொந்தக்காரர் யார் என்பதற்குச் சட்டம் தரும் விளக்கத்தைப் பாருங்கள்: ஒரு மாதத்துக்குக் குறையாத வாடகை ஒப்பந்தம் என்றால், ஸ்கிப்பைக் கையில் வைத்திருப்பவரே சொந்தக்காரர். இரண்டு கிழமைக்கு எடுத்தால் கம்பனி. பின்பக்க எக்ஸ்டென்ஷன் முடியும் வரை நிற்கட்டும் என்று இரண்டு மாதத்துக்கு ஒரே ஒப்பந்தமாக எழுதினால் நீங்கள், அல்லது உங்கள் பில்டர். குறுகிய வாடகையிலும் முழுக்கத் தப்ப முடியாது. ஒருவர் செய்த குற்றத்துக்கு இன்னொருவரின் செயலோ கவனயீனமோ காரணம் என்றால், அந்த இன்னொருவரையும் குற்றவாளியாக்கலாம் என்று அதே 139ஆம் பிரிவு சொல்கிறது. தான் எடுக்கவேண்டிய கவனமெல்லாம் எடுத்தேன் என்று காட்டினால் கம்பனி தப்பிக்கொள்ளும். நாலு விளக்கைக் கொண்டுவந்து மாட்டி, "பின்னேரம் இருட்டினால் போடுங்கோ, பற்றரி முடிந்தால் சொல்லுங்கோ" என்று எழுதிக் கையெழுத்தும் வாங்கிப் போயிருந்தால், விளக்கு அணைந்த இரவில் கேள்வி யாரிடம் வரும்?

விளக்கு விஷயத்தைச் சின்ன விஷயமாக எண்ணக்கூடாது. தெருவிளக்கு இருந்தாலும், கடும் நிறமான இரும்புப் பெட்டி ஒன்று நவம்பர் மழையிரவில் நிறுத்திய கார்களின் வரிசைக்குள் கரைந்துபோய்விடும். காருக்கு இருப்பதுபோல் ஒளியைத் திருப்பியடிக்கும் பின்விளக்கு அதற்கு இல்லை. அதனால்தான் 1984இல் வந்த விதிகள் ஒவ்வொரு ஸ்கிப்பின் இரண்டு முனையிலும் சிவப்பும் மஞ்சளுமான சாய்ந்த பட்டைகளைக் கட்டாயமாக்கின. சிவப்பு பகலில் பளிச்சென்று தெரியும், மஞ்சள் இரவில் ஹெட்லைட்டைத் திருப்பியடிக்கும். கவனியுங்கள், பட்டை இருப்பது முனைகளில், நீண்ட பக்கங்களில் கிடையாது. ஸ்கிப் கேர்ப் கல்லுக்குச் சமாந்தரமாக நின்றால்தான் அந்த முனைகள் வருகிற காரைப் பார்க்கும். இடம் போதவில்லை என்று சற்றுக் குறுக்காக வைத்தால் பட்டை அயல்வீட்டு யன்னலைப் பார்த்துக்கொண்டிருக்கும், வருகிற கார் வெறும் இருட்டுப் பக்கத்தைச் சந்திக்கும். உள்ளே இருந்து வழிந்து முனையில் தொங்கும் பழைய கம்பளம் ஒன்றும் அதே வேலையைச் செய்துவிடும். ஸ்கிப்பின் விளிம்புக்கு மேல் நிரப்பாதீர்கள் என்று கம்பனிகள் தலைபாடாக அடித்துக்கொள்வதற்கு லொறியின் பாரம் மட்டும் காரணம் இல்லை.

சரி, இவ்வளவு தொல்லை ஏன், வீட்டு டிரைவ்வேயில் வைத்துவிட்டால் பெர்மிட்டே வேண்டாமே? இதுதான் எதிர்வாதங்களில் பலமானது. முடியுமானால் அப்படியே செய்யுங்கள் என்றுதான் நானும் சொல்வேன். ஆனால் "முடியுமா" என்பதை அளக்க வேண்டும். ஸ்கிப் லொறி தன் பின்பக்கத்தில்தான் ஸ்கிப்பை இறக்கும். இரண்டு பக்கத்துக் கைகளும் சங்கிலியோடு ஸ்கிப்பைத் தூக்கிப் பின்னால் கொண்டுபோய் வைக்கும். அதற்கு முன் பின்னங்கால்கள் இரண்டு இறங்கி நிலத்தில் அழுத்தும். ஆகவே லொறி பின்பக்கமாக உள்ளே வர வேண்டும். லொறியின் அகலம் இரண்டரை மீற்றர். வாயில் தூண்களுக்கு இடையில் 3 மீற்றராவது இல்லாவிட்டால் எந்தச் சாரதியும் தயங்குவார். மேலே தொலைபேசிக் கம்பி தாழ்வாகப் போகிறதா என்றும் பார்க்க வேண்டும். 8 யார்ட் ஸ்கிப் ஒன்று ஏறக்குறைய 12 அடி நீளம், 6 அடி அகலம், 4 அடி உயரம். மண்ணும் கல்லும் நிரப்பினால் 7, 8 தொன் வரை போகும். கார் நிற்பதற்காக மணல்மேல் பதித்த புளொக் கற்கள் அந்தப் பாரத்துக்கும் லொறியின் அழுத்தும் கால்களுக்கும் தயாராகச் செய்யப்பட்டவை இல்லை. கீழே கழிவுக்குழாயின் மூடி இருந்தால் இன்னும் மோசம். தடித்த பலகை போட்டு வைக்கச் சொல்லலாம், அது கீறலைத் தடுக்கும். நிலம் தாழ்வதை முழுக்கத் தடுக்காது. பெரும்பாலான கம்பனிகள் தனியார் நிலத்தில் வரும் சேதத்துக்குத் தாங்கள் பொறுப்பில்லை என்று ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுகின்றன. இத்தனைக்கும் சம்மதித்து டிரைவ்வேயில் வைத்து, ஸ்கிப்பின் முனை அரை அடி நடைபாதைக்குள் நீட்டிக்கொண்டிருந்தால், போன பெர்மிட் திரும்பி வந்துவிடும்: அந்த அரை அடி நெடுஞ்சாலை. தள்ளுவண்டியில் பிள்ளையைக் கொண்டுபோகும் தாய்க்கும் சக்கர நாற்காலிக்காரருக்கும் அந்த அரை அடிதான் பாதை.

வீதிதான் என்று முடிவானால் அங்கேயும் அளவுநாடா வேண்டும். ஈஸ்ற்ஹாம், வோல்தம்ஸ்ரோ பக்கம் இருக்கும் விக்டோரியா காலத்துத் தெருக்களை நினைத்துப் பாருங்கள். இரண்டு பக்கமும் கார் நின்றால் நடுவில் ஒரு வாகனம் மட்டும் போகும். தீயணைப்பு வண்டி போவதற்கு இங்கிலாந்தின் கட்டட விதிகளின் வழிகாட்டி கேர்ப்புக்குக் கேர்ப் 3.7 மீற்றர் கேட்கிறது. அது புதுக் கட்டடங்களுக்கான அளவு. பழைய தெரு எதையும் அது கட்டுப்படுத்தாது. ஆனால் ஒரு தீயணைப்பு வண்டிக்கு எவ்வளவு இடம் தேவை என்பதற்கு அதைவிட நல்ல அளவுகோல் இல்லை. ஸ்கிப் ஒரு காரின் அகலம்தானே என்பார்கள். கார் அவசரத்துக்கு நகரும், ஸ்கிப்பை லொறி வந்துதான் நகர்த்த வேண்டும். குடியிருப்பாளர் பார்க்கிங் பெர்மிட் பகுதித் தெரு என்றால் ஸ்கிப் அனுமதி வேறு, அந்தப் பார்க்கிங் பேயை (bay, கார் நிறுத்தும் கட்டத்தை) இடைநிறுத்துவது வேறு. இரண்டும் தனித்தனி விண்ணப்பம், தனித்தனிக் காசு, பேய் இடைநிறுத்தத்துக்கு முன்னறிவித்தல் நாட்கள் இன்னும் கூட. பல இடங்களில் பேய்க்குக் கட்டும் காசு ஸ்கிப் பெர்மிட்டையே விழுங்கிவிடும். லண்டனில் சிவப்புக் கோடு போட்ட பெருவீதி என்றால் உங்கள் கவுன்சிலிடம் கேட்டுப் பயனில்லை, லண்டன் போக்குவரத்து அமைப்பான டி.எஃப்.எல்.லிடம் போக வேண்டும். லண்டனுக்கு வெளியே, மாவட்டக் கவுன்சிலும் கவுன்டி கவுன்சிலும் தனித்தனியாக உள்ள ஊர்களில், குப்பை எடுப்பது மாவட்டம், வீதி கவுன்டியுடையது. குப்பை விஷயம்தானே என்று மாவட்டத்துக்கு எழுதிக் காத்திருப்பவர்கள் ஒரு கிழமையை வீணாக்குகிறார்கள். இடத்தை முதலில் பார்க்க வேண்டும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா? பெருவீதி முனையில் இருபது அடி தள்ளிப் பக்கத்தெருவில் வைத்தால் கேட்கவேண்டிய அலுவலகமே மாறிவிடுகிறது.

அளவும் இடத்தைப் பொறுத்ததுதான். மண், கொங்கிறீற் போன்ற கனமானவற்றுக்குப் பொதுவாக 8 யார்ட்டுக்கு மேல் தரமாட்டார்கள், லொறியால் தூக்க முடியாது. 20, 40 யார்ட் என்று இருப்பவை உருட்டி இறக்கும் பெரும்பெட்டிகள், அவற்றுக்கு வேலைத்தளத்துக்குள்தான் இடம். ஆகவே வீதியில் வைப்பவருக்குத் தெரிவு நடைமுறையில் 4, 6, 8 என்று சுருங்கிவிடுகிறது. கூடக் கழிவு இருந்தால் ஒன்றை நிரப்பிக் கொடுத்து அதே இடத்தில் இன்னொன்றை இறக்குவதுதான் வழி, பெர்மிட்டின் நாட்களை அதற்கேற்பக் கேட்க வேண்டும். வீதியில் நிற்கும் ஸ்கிப்புக்கு இன்னொரு தலைவிதியும் உண்டு. இரவில் அது ஊருக்கே பொதுவாகிவிடும். காலையில் எழுந்து பார்த்தால் யாரோ போட்ட மெத்தை, பழைய ரிவி, பெயின்ற் வாளி. பிரிட்ஜ், டயர், பற்றரி, காஸ் சிலிண்டர், அஸ்பெஸ்ரஸ் எதையும் சாதாரண ஸ்கிப்பில் ஏற்கமாட்டார்கள். பஞ்சுவைத்த சோபாவையும் 2023இல் இருந்து மற்றக் கழிவோடு கலக்காமல் தனியாக எரிக்க வேண்டியிருப்பதால், அதற்கு மேலதிகக் காசு கேட்கிறார்கள். அயலவர் போட்டது என்று கம்பனியிடம் வாதாடிப் பயன் இல்லை. பூட்டக்கூடிய மூடியுள்ள ஸ்கிப்புகள் இருக்கின்றன, சற்று விலை கூட. டிரைவ்வேயில் வைப்பதன் உண்மையான இலாபம் பெர்மிட் காசு மிச்சம் என்பதைவிட, இப்படி ஊரார் வந்து போடுவது குறையும் என்பதுதான்.

கட்டணத்தைப் பற்றியும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். ஒரே அளவு ஸ்கிப், ஒரே அகலத் தெரு, பக்கத்துப் பக்கத்துக் கவுன்சில்கள்; கட்டணம் மட்டும் ஏணி வைத்தாலும் எட்டாத வித்தியாசம். பரிசோதனைக்கும் நிர்வாகத்துக்கும் ஆகும் செலவு எல்லை தாண்டியதும் இரட்டிப்பாகிறது என்றால் யார் நம்புவது? இதில் வருமானம் பார்க்கும் கவுன்சில்கள் இருக்கின்றன என்று சந்தேகிப்பவர்களோடு நான் சண்டைக்குப் போகமாட்டேன். ஆனால் அந்தக் கோபத்தில் மொத்தச் செலவின் கணக்கைத் தவறவிடுகிறோம். ஸ்கிப் விலையை ஏற்றியதில் பெரும்பங்கு குப்பை போகும் இடத்தில் இருக்கிறது. நிலநிரப்பு வரி 1996இல் தொடங்கியபோது சாதாரணக் கழிவுக்குத் தொன்னுக்கு 7 பவுண். 2025 ஏப்ரலில் அது 126.15 பவுண். கல், மண் போன்ற தீங்கற்ற கழிவுக்கு அதே நாளில் 4.05 பவுண்தான். கொங்கிறீற் உடைசலோடு மரத்துண்டையும் பிளாஸ்ரிக்கையும் கலந்து போடுகிற வீட்டுக்காரர் எங்கே காசை விடுகிறார் என்பது இந்த இரண்டு எண்ணிலும் இருக்கிறது. பெர்மிட்டுக்கு முணுமுணுப்பவர்கள் இதைக் கேட்பதே இல்லை. கல்லுக்கும் மண்ணுக்கும் ஒன்று, மற்றதற்கு ஒன்று என்று இரண்டு சிறிய ஸ்கிப் வைக்க இடம் இருக்கிறதா என்று பார்க்கலாமே. மறுபடியும் இடம்!

பெர்மிட்டே வேண்டாம் என்பவர்களுக்கு வேறு வழிகளும் உண்டு. லொறி ஸ்கிப்போடு வந்து அரை மணி, முக்கால் மணி நின்று, நீங்கள் நிரப்பியதும் கொண்டுபோய்விடும். ஸ்கிப் வீதியில் இறங்காததால் பொதுவாக அனுமதி கேட்பதில்லை. கழிவு முழுவதும் முன்கூட்டியே வாசலில் குவிந்திருந்து, நாலு பேர் கைகொடுத்தால் இது நல்ல வழி. கிழமைக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாக இடிக்கும் வேலைக்கு உதவாது. கடையில் வாங்கும் பெரிய பைகள் இன்னொரு வழி. அவற்றையும் வீதியில் வைக்கக்கூடாது, உங்கள் காணிக்குள், ஆனால் கிரேன் எட்டும் தூரத்தில், மேலே கம்பியோ மரக்கிளையோ இல்லாமல் வைக்க வேண்டும். பின்வளவில் வைத்து நிரப்பிவிட்டு எடுக்க ஆளில்லாமல் அழுகவிட்டவர்கள் நிறைய. மூன்றாவது வழி வானோடு வரும் ஆள், கையில் காசு. இதில்தான் உண்மையான பொறி. உங்கள் வீட்டுக் கழிவைப் பதிவுள்ள ஒருவரிடம் கொடுப்பது 1990ஆம் ஆண்டு சுற்றாடல் பாதுகாப்புச் சட்டப்படி வீட்டுக்காரரின் கடமை. அந்த வான் உங்கள் கடித உறைகளோடு எப்பிங் காட்டோரம் எங்காவது கொட்டிவிட்டுப் போனால், இங்கிலாந்தில் உங்களுக்கு 600 பவுண் வரை அபராதம் வரலாம். கழிவு ஏற்றுபவரின் பெயர் சூழல் முகமையின் இணையப் பதிவேட்டில் இருக்கிறதா என்று தேட இரண்டு நிமிடம் போதும். ஸ்கிப் கம்பனிக்கும் அதே பதிவேடுதான், அதே இரண்டு நிமிடம்தான்.

ஆகவே போனை எடுக்குமுன் வெளியே போய் வாசலின் அகலத்தை அளவுங்கள். தெருவில் கார்கள் நிற்கும்போது நடுவில் எவ்வளவு மிஞ்சுகிறது என்று அளவுங்கள். காண், மூடிகள், கம்பிகள் எங்கே இருக்கின்றன, பக்கத்துத் தூணில் இருக்கும் பார்க்கிங் அறிவித்தல் என்ன சொல்கிறது என்று பாருங்கள். நாலு படம் எடுத்து வைத்துக்கொண்டு கம்பனிக்கு அடித்தால், விலையைச் சொல்லுமுன் அவர்களே கேட்கவேண்டிய கேள்விகளைக் கேட்பார்கள். கேட்காமல் 8 யார்ட்டுக்கு இவ்வளவு என்று ஒரே மூச்சில் விலை சொல்லும் கம்பனியை விட்டுவிட்டு அடுத்த நம்பரை எடுங்கள்.